டிரிப் ஆகாத ஜாயின்ட்: அறிகுறியை வைத்து லூஸ் கனெக்ஷனைப் பிடிப்பதும், அதற்கேற்ற கனெக்டர் போடுவதும்

விளக்கு மினுக்கினால் பல்பை மாற்றுகிறோம். ஃபேன் விட்டு விட்டுச் சுற்றினால் கெபாசிட்டரை மாற்றுகிறோம். கீசர் பிளக் கருகினால் கடைக்குப் போய் வேறு பிளக் வாங்கி வருகிறோம். கொஞ்ச நாளில் அதே தொல்லை மறுபடியும் வருகிறது. ஏனென்றால் கோளாறு பல நேரம் சாதனத்தில் இல்லை. ஒயரும் ஒயரும் சேருகிற இடத்திலோ, ஒயர் ஸ்க்ரூவுக்குள் நுழைகிற இடத்திலோ இருக்கிறது.

எம்சிபி இருக்கிறதே, ஏதாவது ஆனால் விழுந்துவிடாதா என்று கேட்பார்கள். விழாது. கரன்ட் அளவு மீறுகிறதா என்பதை மட்டும்தான் எம்சிபி பார்க்கும். ஜாயின்ட் தளர்ந்தால் கரன்ட் அதிகமாகாது, சொல்லப்போனால் கொஞ்சம் குறையும். ஆர்சிசிபிக்கு வேலை வேறு: ஃபேஸில் போன கரன்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது. தளர்ந்த ஜாயின்ட்டில் கசிவு ஏதும் இல்லாததால் அதுவும் சும்மா இருக்கும். ஆக, ஜாயின்ட் சூடாகி, டேப் உருகி, பக்கத்து ஒயரில் பிடித்து ஷார்ட் ஆகிறவரை டிபியில், அதாவது எம்சிபியும் ஆர்சிசிபியும் உட்கார்ந்திருக்கும் பெட்டியில், இருக்கும் எதுவும் அதைக் கண்டுகொள்ளாது.

எவ்வளவு சூடாகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். வழியில் ஒரு ஜாயின்ட் சரியாகப் பிடிக்காமல் அரை ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரன்ட்டை அதே கரன்ட்டால் பெருக்கி, அதைத் தடையால் பெருக்கினால் 38 வாட் வருகிறது. சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிடச் சூடான ஒன்று, மூடிய பாக்ஸுக்குள், பிவிசி ஒயருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. சாதாரண பிவிசி ஒயரின் உறை 70 டிகிரி வரைதான் தாங்கும். அதே அரை ஓம் ஜாயின்ட் ஒரு 9 வாட் எல்இடி பல்பின் வழியில் இருந்தால் சூடு என்று சொல்ல ஒன்றும் இருக்காது. விளக்கு மினுக்கும், அவ்வளவுதான். அதனால் எந்தக் கனெக்டர் நல்லது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எவ்வளவு கரன்ட், என்ன ஒயர், எந்த இடம் என்ற மூன்றும் தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். அறிகுறி அந்த மூன்றையும் காட்டிக்கொடுத்துவிடும்.

கை வைக்கும் முன்

மெயினை அணைத்தால் மட்டும் போதாது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அது அடுத்த நொடியே எடுத்துக்கொள்ளும்; மெயின் கீழே இருக்கும்போதே விளக்கு, ஃபேன் லைனில் 230 வோல்ட் ஓடும். இன்வெர்ட்டரின் அவுட்புட்டையும் நிறுத்துங்கள், சோலார் இருந்தால் அதையும். பிறகு டெஸ்டரை முதலில் கரன்ட் இருக்கும் இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பாருங்கள், அப்புறம் வேலை செய்யப்போகும் இடத்தில் வையுங்கள். டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பிக் கை வைக்கக் கூடாது. பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் நின்றால் சில டெஸ்டர்கள் கரன்ட் இருந்தும் எரியாது. மல்டிமீட்டரோ டெஸ்ட் லாம்ப்போ வைத்து ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த் இரண்டையும் பார்ப்பதுதான் உறுதி.

மீட்டரும் அதற்கு முந்தையதும் மின்வாரியத்துடையது. சீலில் கை வைக்காதீர்கள். சுவருக்குள் புதிய லைன் இழுப்பதும் டிபி வேலையும் லைசென்ஸ் உள்ள வயர்மேன் செய்ய வேண்டியவை. இதைப் படிப்பவர் அவரை அழைக்கும்போது என்ன கேட்க வேண்டும், அவர் போட்டது சரியா என்று தெரிந்துகொள்ளவும் இது உதவும்.

இன்னொன்று. இணையத்தில் ஜாயின்ட் போடுகிற வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து வருபவை. அங்கே கறுப்பு ஒயர்தான் கரன்ட் வரும் ஒயர், வெள்ளை நியூட்ரல். நம் வீடுகளில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். வீடியோவைப் பார்த்து நிறத்தை நம்பினால் ஆபத்து. அவர்கள் தொப்பிபோல் திருகிப் போடுகிற ஒயர் நட்டும் நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதில்லை. நமக்கு அது தேவையும் இல்லை.

விளக்கு மினுக்குகிறது

ஒரே ஒரு விளக்கு மட்டுமா, அறை முழுதுமா, வீடு முழுதுமா? முதலில் இதைப் பாருங்கள்.

ஒரு விளக்கு மட்டும் என்றால் ஹோல்டரில் தொடங்குங்கள். பின் வைத்த பழைய ஹோல்டரில் உள்ளே இருக்கும் இரண்டு ஸ்பிரிங் முனைகள் வருஷக்கணக்கில் சூடுபட்டு அமுங்கிப்போயிருக்கும். ஹோல்டர் நன்றாக இருந்தால் அடுத்தது சுவிட்ச். சுவிட்சை மெதுவாக அழுத்தும்போது மினுக்கினால், அதன் பின்னால் உள்ள ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, அல்லது சுவிட்சே தேய்ந்துவிட்டது. இரண்டும் இல்லையென்றால் சீலிங்கில் விளக்கின் ஒயர் சேரும் இடம்.

ஃபால்ஸ் சீலிங்கில் போடுகிற எல்இடி விளக்குகளில் இந்தக் கடைசித் தொல்லை அதிகம். விளக்கோடு வரும் ஒயர் நூல்போல் மெல்லியது. சுவரிலிருந்து வருவது 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர். இரண்டையும் முறுக்கினால் மெல்லியது தடியானதைச் சுற்றிக்கொள்ளுமே தவிர இரண்டும் ஒன்றையொன்று இறுக்காது. ஸ்க்ரூ கனெக்டரில் ஒரே துளையில் இரண்டையும் விட்டால் ஸ்க்ரூ தடியானதில் இடித்து நிற்கும், மெல்லியது பக்கத்தில் சும்மா கிடக்கும். இந்த இடத்துக்கு லீவர் கனெக்டர்தான் சரி: லீவரைத் தூக்கி ஒயரை நுழைத்து, லீவரை மூடினால் ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும். அதில் ஒவ்வொரு ஒயருக்கும் தனித்தனி ஸ்பிரிங் இருக்கிறது, அதனால் ஒன்று தடியாக இருப்பது மற்றதைப் பாதிக்காது.

அறை முழுதும் மினுக்கினால் அந்த அறையின் சுவிட்ச் போர்டில் நியூட்ரல்கள் எல்லாம் சேருகிற கொத்தைப் பாருங்கள். நான்கைந்து கறுப்பு ஒயரை ஒன்றாக முறுக்கி ஒரு பந்து டேப் சுற்றியிருப்பார்கள். ஐந்து வழி லீவர் கனெக்டர் ஒன்று போட்டால் முடிந்தது. வீடு முழுதும் மினுக்கினால் டிபியில் வரும் மெயின் நியூட்ரல், அல்லது வெளியே. பக்கத்து வீட்டிலும் அதே நேரத்தில் மினுக்குகிறதா என்று கேட்டுவிட்டு அப்புறம் டிபியைத் திறக்கலாம்.

சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக எரிகிறது என்றால் அது ஜாயின்ட் கோளாறு இல்லை. சுவிட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதன் வழியே வரும் துளி கரன்ட்டாக இருக்கலாம். நீளமான பைப்பில் ஒயர்கள் ஒட்டி ஓடினாலும் வரும். ஆனால் சுவிட்சை ஃபேஸுக்குப் பதிலாக நியூட்ரலில் போட்டிருந்தாலும் இதே அறிகுறிதான். அப்படியென்றால் சுவிட்சை அணைத்துவிட்டு பல்பு மாற்றும்போதும் ஹோல்டரில் கரன்ட் இருக்கும். உடனே மாற்றுங்கள்.

கீசர், இண்டக்ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ்: பிளக் பழுப்பாகிறது, கருகிய வாடை

வீட்டில் தீப்பிடிக்கும் அளவுக்குப் போகக்கூடியது இதுதான். அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: சாதனம் சரியான சாக்கெட்டில்தான் இருக்கிறதா? 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு 8.7 ஆம்பியர். 1500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடு 6.5 ஆம்பியர். இரண்டுமே 6 ஆம்பியர் சாக்கெட்டுக்கு மேல். பெரிய பின்னைச் சின்ன சாக்கெட்டில் செருக கன்வர்ஷன் பிளக் விற்கிறார்கள். அது வேலை செய்யும், அதுதான் சிக்கல். உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு சூட்டில் பிடிமானத்தை இழக்கும், பிடிமானம் போனால் இன்னும் சூடாகும். இந்த நிலையில் எந்தக் கனெக்டரும் காப்பாற்றாது. 16 ஆம்பியர் சாக்கெட்டும், டிபியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் தனி லைனும்தான் தீர்வு. ஏசிக்கு 4.

சாக்கெட் சரியாக இருந்தும் கருகுகிறது என்றால், எந்தப் பின் கருகியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு பின் மட்டும் பழுப்பாக இருந்தால், அந்தப் பக்கத்து ஸ்க்ரூவோ தகடோ தளர்ந்திருக்கிறது. பிளக்டாப்பைத் திறந்தால் பெரும்பாலும் ஒயர் ஸ்க்ரூவின் கீழ் பாதிதான் நுழைந்திருக்கும், அல்லது உறையையும் சேர்த்துத் திருகியிருப்பார்கள். சாக்கெட்டின் பின்பக்கம்தான் கருகியிருக்கிறது என்றால் சுவருக்குள் இருக்கும் ஒயர் நுனி.

இங்கே பலர் செய்வது, கருகிய சாக்கெட்டை மட்டும் மாற்றிவிட்டு அதே ஒயர் நுனியைப் புதியதில் திருகுவது. கறுத்துப்போன செம்பு நல்ல தொடர்பு தராது. அதன் மேல் ஆக்சைடு படிந்திருக்கிறது, உறையும் காய்ந்து மொறுமொறுப்பாகியிருக்கும். பளபளவென்று செம்பும், வளைத்தால் விரியாத உறையும் வருகிற இடம்வரை வெட்டிவிட வேண்டும். வெட்டினால் ஒயர் எட்டாது என்பதற்காகத்தான் கறுத்ததையே போடுகிறார்கள். ஒயர் எட்டாவிட்டால் அதே அளவு புதிய ஒயர்த் துண்டைச் சேருங்கள். கனெக்டர் இங்கேதான் வருகிறது.

2.5 ஒயரில் 9 ஆம்பியருக்கு, பாக்ஸில் இடம் இருந்தால், நல்ல லீவர் கனெக்டர் தாராளமாகத் தாங்கும். வாகோ என்ற கம்பெனியின் 221 வகையில் சின்னது 4 சதுர மில்லிமீட்டர்வரை, 32 ஆம்பியர். பெரியது 6 சதுர மில்லிமீட்டர்வரை, 41 ஆம்பியர். பாக்ஸ் ஏற்கெனவே சூடாக இருக்கிற இடம், அல்லது கீசருக்குப் பக்கத்தில் வெளியே வரும் ஜாயின்ட் என்றால் பீங்கான் கனெக்டர் போடலாம். பீங்கான் உருகாது. ஆனால் உள்ளே இருக்கும் பித்தளை ஸ்க்ரூ தளரும், அதைப் பீங்கான் தடுக்காது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இறுக்க வேண்டும். வரிசையாக வெட்டி எடுக்கிற வெள்ளை பிளாஸ்டிக் ஸ்க்ரூ கனெக்டரை விளக்குக்கு வையுங்கள். அதில் எழுதியிருக்கிற ஆம்பியர் எதுவாக இருந்தாலும் கீசருக்கு நான் போடமாட்டேன்.

ஸ்க்ரூ போடும் எல்லா இடத்துக்கும் பொருந்தும் விஷயம் ஒன்று. இப்போது வீடுகளில் போடுவது பல இழை ஒயர். 1.5 என்றால் 0.3 மில்லிமீட்டர் இழை 22, 2.5 என்றால் 36, 4 என்றால் 56. ஸ்க்ரூவின் நுனி நேராக இழைகள் மேல் இறங்கும்போது சில இழைகள் அறுபடும், சில விலகும். முதல் நாள் இறுக்கமாகத் தெரியும். சூடாகி ஆறி சூடாகி ஆறித் தளர்ந்துவிடும். நுனியில் பின் லக்கோ ஃபெர்ரூலோ (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சின்ன உலோக முனை) மாட்டி, கிரிம்பிங் டூலால் அழுத்திவிட்டு ஸ்க்ரூவில் விடுவதுதான் முறை. கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. ஈயம் பூசி நுனியைக் கெட்டியாக்குகிறவர்களும் உண்டு. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஈயம் ஸ்க்ரூவின் அழுத்தத்தில் மெல்ல விலகிக்கொண்டே போகும். கொஞ்ச காலத்தில் அதுவும் லூஸ்தான்.

எந்த ஜாயின்ட் என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால் மல்டிமீட்டர் சொல்லும். வயர்மேனிடம் இப்படிப் பார்க்கச் சொல்லுங்கள்: கீசர் ஓடாதபோது சாக்கெட்டில் எவ்வளவு வோல்ட், ஓடும்போது எவ்வளவு, அதே நேரம் டிபியில் எவ்வளவு. டிபியில் 228 இருக்க, சாக்கெட்டில் 214 வந்தால் வழியில் 14 வோல்ட் காணாமல் போகிறது. 15 மீட்டர் தூரத்துக்கு 2.5 செம்பு ஒயர், போக வர சேர்த்து, இந்தக் கரன்ட்டில் 2 வோல்ட் போலத்தான் தின்னும். மிச்சம் 12 வோல்ட் ஏதோ ஒரு ஜாயின்ட்டில் சூடாகப் போகிறது, அது நூறு வாட்டுக்குப் பக்கம். அந்த லைனை அன்றைக்கே நிறுத்திவிட வேண்டியதுதான்.

சாக்கெட்டில் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிகிறது, ஆனால் எதுவும் ஓடவில்லை

நியூட்ரல் அறுந்திருக்கிறது. ஃபேஸ் வந்துகொண்டிருக்கிறது, ஆனில் இருக்கிற ஏதோ ஒரு விளக்கோ ஃபேனோ வழியாக அது நியூட்ரல் ஒயருக்கும் வந்துவிடுகிறது, திரும்பிப் போக வழியில்லை. அந்த லைனில் எல்லா சுவிட்சையும் அணைத்தால் நியூட்ரல் துளையில் டெஸ்டர் எரிவது நின்றுவிடும். நின்றால் சந்தேகம் தீர்ந்தது.

ஓடாத லைன்தானே என்று அந்தக் கறுப்பு ஒயரைத் தொடாதீர்கள். ஷாக் அடிக்கும்.

கரன்ட் ஒரு போர்டிலிருந்து அடுத்த போர்டுக்கு லூப் ஆகிப் போகிறது. ஓடுகிற கடைசி போர்டுக்கும் ஓடாத முதல் போர்டுக்கும் நடுவில் தேடுங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு சாக்கெட்டின் நியூட்ரல் ஸ்க்ரூவிலேயே வந்த ஒயரும் போகிற ஒயரும் சேர்த்து மாட்டியிருப்பார்கள். அந்த ஒரு ஸ்க்ரூ தளர்ந்தால் அதற்கு அப்பால் எல்லாம் போய்விடும். லூப் ஒயர்களை ஒரு மூன்று வழி லீவர் கனெக்டரில் சேர்த்து, அதிலிருந்து சாக்கெட்டுக்கு ஒரு சின்ன ஒயர்த் துண்டை வால்போல் விடுங்கள். சாக்கெட் கெட்டாலும் அடுத்த அறை ஓடும்.

சில விளக்கு பளீரென்று எரிகிறது, சில மங்குகிறது

மூன்று ஃபேஸ் வீடு என்றால் இதைப் பார்த்ததும் யோசிக்காமல் மெயினை அணைத்துவிடுங்கள். மெயின் நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது. நியூட்ரல் இல்லாதபோது ஒவ்வொரு ஃபேஸுக்கும் 230 என்ற பங்கீடு குலைந்து, லோடு குறைவாக இருக்கும் ஃபேஸில் 300, 350 என்று ஏறும். டிவி, ஃபிரிட்ஜ், ரவுட்டர் வரிசையாகப் போவது இப்படித்தான். இது டிபியின் மெயின் நியூட்ரல் ஸ்க்ரூவாக இருக்கலாம், மீட்டர் பக்கமோ கம்பத்திலோ இருக்கலாம். தமிழ்நாட்டில் மின்னகம் எண் 94987 94987. அதில் புகார் சொல்லிவிட்டு, அவர்கள் பார்த்த பிறகே மெயினைப் போடுங்கள். டிபி பக்கம் என்றால் மெயின் நியூட்ரலுக்கு கனெக்டரே கூடாது. லக் அடித்து நேராக நியூட்ரல் லிங்க்கில் (டிபியில் நியூட்ரல் ஒயர்கள் சேரும் உலோகப் பட்டை) இறுக்க வேண்டும்.

ஃபேன் விட்டு விட்டுச் சுற்றுகிறது

மெதுவாகச் சுற்றினால் கெபாசிட்டர். அது பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் இருக்கும், இருந்த அதே அளவில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நன்றாகச் சுற்றிக்கொண்டே இருந்து திடீரென்று நின்று, குச்சியால் தட்டினால் ஓடும் ஃபேனுக்கு மேலே உள்ள கப்பைத் திறந்து பாருங்கள். அங்கே கரன்ட் ஒரு ஆம்பியர்கூட இல்லை, சூடு பிரச்சினையே இல்லை. அதிர்வுதான் எதிரி. நாள் முழுக்க ஆடுகிற இடத்தில் ஸ்க்ரூ கனெக்டர் கழன்றே தீரும். ஸ்பிரிங் வைத்த லீவர் வகைக்கு அதிர்வு ஒன்றும் செய்யாது. கப்புக்குள் இடம் போதாவிட்டால், நுனிகளைச் சின்ன செம்புக் குழாயில் விட்டு கிரிம்ப் செய்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் சூடாக்கி ஏற்றலாம். இனி கழற்றுகிற வேலை இல்லை என்றால் அது இன்னும் கெட்டி.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டரைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது

எர்த் ஜாயின்ட் விட்டுப்போயிருக்கிறது. ஃபேஸ் விட்டுப்போனால் சாதனம் நிற்கும், நியூட்ரல் விட்டுப்போனாலும் நிற்கும். எர்த் விட்டுப்போனால் ஒன்றும் ஆகாது, எல்லாம் வழக்கம்போல் ஓடும். அதனால்தான் பச்சை ஒயரைக் கடைசியாக, இருக்கிற டேப்பில் மீதியைச் சுற்றி முடிக்கிறார்கள். கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் உள்ள ஃபில்டர் வழியே வரும் துளி கரன்ட் எர்த்தில் போக வேண்டியது. வழியில்லாமல் கேபினட்டில் நின்று விரலில் உறைக்கிறது. அது எச்சரிக்கை மட்டும்தான். உள்ளே ஒரு ஒயர் உண்மையிலேயே உரசினால் அதே கேபினட்டில் முழு 230 நிற்கும்.

ஆர்சிசிபியில் டெஸ்ட் பட்டனை அழுத்தினேன், விழுந்தது, எர்த் சரியாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். அந்தப் பட்டன் ஆர்சிசிபியின் உள்ளேயே ஒரு கசிவை உண்டாக்கிப் பார்க்கிறது, எர்த் ஒயரை அது தொடுவதே இல்லை.

எர்த்துக்கும் ஃபேஸுக்குப் போடுகிற அதே தரக் கனெக்டர் போடுங்கள். ஒரு சாக்கெட்டின் எர்த் ஸ்க்ரூ வழியாக அடுத்ததற்கு ஓட்டுவதைத் தவிர்த்து, நியூட்ரலுக்குச் சொன்னதுபோல் கனெக்டரிலிருந்து வால் விடுங்கள்.

மழை பெய்தால் ஆர்சிசிபி விழுகிறது

கேட் விளக்கு, மொட்டை மாடி விளக்கு, மோட்டார் லைன். இந்த மூன்றில் ஒன்று. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். வெளியில் போட்ட டேப்பின் பசை நம் ஊர் வெயிலில் ஒரே கோடையில் கூழாகிவிடும். மழையில் அதற்குள் தண்ணீர் போகும், கரன்ட் சுவரில் கசியும். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி உடனே விழும். விழுவதற்குத்தான் அது இருக்கிறது. அதைத் திட்டிவிட்டு பைபாஸ் செய்கிறவர்களுக்கு இந்தக் கட்டுரையில் சொல்ல ஒன்றுமில்லை.

லீவர் கனெக்டர் தண்ணீருக்கானது அல்ல. அதை வெளியில் போட வேண்டுமென்றால் தண்ணீர் புகாத பாக்ஸுக்குள், ஒயர் கீழ்ப்பக்கமாக நுழைகிற மாதிரி வைக்க வேண்டும். ஜெல் நிரப்பிய சின்ன டப்பாக்கள் கிடைக்கின்றன, அதற்குள் கனெக்டரை அமுக்கி மூடிவிட்டால் மண்ணுக்குள்கூடப் போடலாம். போர்வெல்லுக்குள் இறங்கும் மோட்டார் கேபிளுக்கு இதுவும் ஆகாது. அங்கே ஒவ்வொரு ஒயரையும் தனியாக கிரிம்ப் செய்து, ரப்பர் டேப்பும் அதன் மேல் பிவிசி டேப்பும் பல சுற்று இழுத்துச் சுற்றுவதுதான் வழக்கம். மோட்டார்க்காரர்கள் அதைச் சரியாகவே செய்கிறார்கள்.

மழையில்லாமலும் விழுகிறது, அதுவும் குறிப்பிட்ட ஒரு விளக்கைப் போட்டால் மட்டும் விழுகிறது என்றால், நீர்க்கசிவைத் தேடாதீர்கள். ஏதோ ஒரு பாக்ஸில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்கும், அல்லது இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரல் வேறு லைனின் நியூட்ரலோடு முறுக்கப்பட்டிருக்கும். இன்வெர்ட்டர் புதிதாகப் போட்ட வீடுகளில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நியூட்ரல் கொத்துகளைப் பிரித்து, லைனுக்கு ஒரு கனெக்டர் என்று போட்டால் தீர்ந்துவிடும்.

லீவர் கனெக்டர் போட்டும் ஒயர் கையோடு வருகிறது

மூன்று காரணம்தான் பார்த்திருக்கிறேன். உறையை உரித்த நீளம் குறைவு. 4 சதுர மில்லிமீட்டர் வகைக்கு 11 மில்லிமீட்டர் உரிக்க வேண்டும், கனெக்டரின் பக்கவாட்டிலேயே அந்த அளவு குறித்திருக்கும். வாகோவில் உடல் கண்ணாடிபோல் தெரிவதால் செம்பு கடைசிவரை போயிருக்கிறதா என்று பார்க்க முடியும். இரண்டாவது, இழைகள் விரிந்துபோய் சில வெளியே மடங்கியிருப்பது. நுனியை மெதுவாக ஒரு முறுக்கு முறுக்கி, லீவரை முழுதாகத் தூக்கிவிட்டு நுழைக்க வேண்டும். மூன்றாவது, சரக்கு. அதே உருவத்தில் மலிவாக மூட்டையில் விற்பவை எல்லாம் மோசம் என்று சொல்லமாட்டேன், விளக்குக்கு ஓடும். ஆனால் அதில் அச்சடித்த 32 ஆம்பியரை நம்பி கீசருக்குப் போடாதீர்கள்.

லீவர் இல்லாமல் நேராகக் குத்திச் செருகுகிற வகையும் கிடைக்கிறது. அது ஒற்றைக் கம்பி ஒயருக்கானது. நம் பல இழை ஒயரை அதில் குத்தினால் இழைகள் மடங்கிக்கொள்ளும். வாங்க வேண்டாம்.

பாக்ஸைத் திறந்தால் ஒயர் வெள்ளையாக இருக்கிறது

மரப் பட்டியில் ஒயர் ஓடுகிற பழைய வீடுகளில் அலுமினிய ஒயர் இன்னும் இருக்கிறது. அதோடு புதிய செம்பு ஒயரை நேராக முறுக்குவது மிக மோசமான ஜாயின்ட். அலுமினியத்தை உரித்த உடனே அதன் மேல் ஆக்சைடு படலம் பிடிக்கும், அது கரன்ட்டை விடாது. சூட்டில் செம்பைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகமாக விரியும், ஸ்க்ரூவின் அழுத்தத்தில் மெல்லப் பிதுங்கும். ஈரம் பட்டால் செம்போடு சேர்ந்த இடத்தில் அலுமினியம் அரித்துப்போகும். இந்தச் சேர்க்கைக்கென்றே செய்த பைமெட்டல் லக்குகள் உண்டு. கனெக்டர் என்றால், அலுமினியத்துக்கும் செம்புக்கும் பொருந்தும் என்று தயாரித்தவரே எழுதியிருப்பதை மட்டும், அவர் சொல்கிற பேஸ்ட்டோடு போட வேண்டும். அதுவும் தற்காலிகம்தான். கீசர், ஏசி போன்றவற்றை அந்த ஒயரில் ஓட்டாமல், டிபியிலிருந்து செம்பில் தனி லைன் இழுத்துவிடுங்கள். மற்றதை வசதிப்படும்போது அறை அறையாக மாற்றலாம்.

மூடும் முன்

எந்த ஜாயின்ட்டும் பைப்புக்குள் போகக் கூடாது. திறந்து பார்க்க முடிகிற பாக்ஸுக்குள்தான் இருக்க வேண்டும். ஜாயின்ட் இல்லாமல் ஒரே ஒயராக இழுக்க முடிந்தால் அதற்கு மேல் நல்ல கனெக்டர் எதுவும் இல்லை. போட்ட பிறகு ஒவ்வொரு ஒயரையும் தனித்தனியாகப் பிடித்துக் கொஞ்சம் பலமாகவே இழுத்துப் பாருங்கள். பாக்ஸை மூடி, அந்த லைனின் பெரிய சாதனத்தை அரை மணி நேரம் ஓடவிட்டு, பிளக்கைக் கழற்றி அதன் பின்னையும் சாக்கெட்டின் முகத்தையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. விரலை எடுத்துவிடத் தோன்றுகிற சூடு என்றால் மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு மறுபடி திறக்க வேண்டும்.